ஞாயிற்றுக்கிழமை முட்டாள்

போன் விஷயத்தில் நான் ஒரு முட்டாள். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சும்மா வந்த பெயர் இல்லை இது. நானே பாடுபட்டு வாங்கியது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அங்கேதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் சனி பிடித்தது. மைத்துனருக்கு ரயில் டிக்கெட், சின்ன அத்தைக்கு டாக்டரிடம் நேரம், மாடி வீட்டுக்காரருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகார். ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு காலையில் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வாரத்தில் ஆறு நாள், கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். ஏழாவது நாளாவது பத்து மணி வரை தூங்க வேண்டாமா?

ஒருநாள் முடிவு கட்டினேன். மாமியாருக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கச் சொன்னாள் மனைவி. நான் கால்நடை மருத்துவமனையில் வாங்கினேன். வேண்டுமென்றேதான். மறு நிமிடம் மாமியார் போனுக்குச் செய்தி போனது. 'உங்கள் செல்லத்தின் வயது, எடை, இனம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். கடிக்கும் பழக்கம் உண்டா?'

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

அன்றோடு எனக்கு விடுதலை. "இவர்கிட்ட போனைக் குடுத்தா குடும்பமே தெருவுக்கு வந்துடும்" என்று மனைவி அறிவித்தாள். எல்லா வேலையும் அவள் தலையில் விழுந்தது. அவள் தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், சுவர் முழுக்க மாட்டி வைத்த துணிகள். ஆறு நாள் அவளும்தான் மிதிக்கிறாள். ஞாயிறு காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் வெட்கம் போய்விடும்.

இதற்கு நடுவில் டிரைவிங் ஸ்கூலில் நான் யார் தெரியுமா? ஐம்பது பேருக்கு லைசென்ஸ் விண்ணப்பம், டெஸ்ட் தேதி, போட்டோ ஏற்றுவது எல்லாம் இந்த ஒரே கட்டைவிரல்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த விரலுக்கு வாதம் வந்துவிடும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்.

"தெருமுனை லைப்ரரில வகுப்பு நடக்குது. 'அன்றாட வாழ்வில் டிஜிட்டல் திறன்', தன்னம்பிக்கைப் பயிற்சி. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல?"

"வயசானவங்களுக்குத்தான் வகுப்பே. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி."

எட்டு மணி என்றதும் எனக்கு மயக்கம் வந்தது. முதுகுவலி, முழங்கால் வலி, வராத தலைவலி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. சரி, போவோம், 'இந்த ஆளுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது' என்று அவர்களே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்புகிற மாதிரி நடந்துகொள்வோம் என்று திட்டம் போட்டேன்.

முதல் வகுப்பில் பிரமாதமாக நடித்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்தேன். மவுஸைத் தூக்கித் திரைமேல் வைத்துத் தேய்த்தேன். கடவுச்சொல் என்ன என்று கேட்டதற்கு, எழுந்து நின்று வகுப்புக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன். டீச்சரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. கோபமே வரவில்லை. "தப்புப் பண்ணப் பயப்படாம இருக்கீங்க பாருங்க, அதுதான் ஐயா தன்னம்பிக்கை" என்று சொல்லி எல்லோரையும் எனக்குக் கைதட்ட வைத்தாள். நான் ஃபெயிலாக வந்த இடத்தில் முதல் மார்க் வாங்கிவிட்டேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிதான் தாங்க முடியவில்லை. அதில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்திய கை. எந்தப் பொத்தானையும் ஓங்கி இரண்டு தடவை குத்தினார். திறக்கிறது, உடனே மூடுகிறது. மறுபடி குத்துகிறார், மறுபடி மூடுகிறது. இங்கே என் தொழில் வியாதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் என் வலது கால் தானாகப் போய் அதை மிதிக்கும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். டிவியில் யாராவது கண்மண் தெரியாமல் கார் ஓட்டினால்கூட நான் மிதித்து மிதித்து வரவேற்பறைத் தரைவிரிப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது. தபால்காரர் குத்தக் குத்த, மேஜைக்கு அடியில் நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். வாயை மட்டும் திறக்கவில்லை. கால் கட்டைவிரல் வீங்கி, நொண்டியபடி வீடு வந்து சேர்ந்தேன்.

"படிப்புன்னா காலுமா வலிக்கும்?" என்று கேட்டுவிட்டு மனைவி எண்ணெய் எடுத்துவரப் போனாள். அவள் உதட்டோரம் எதையோ அடக்கிக்கொண்டது மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை சாயங்காலம். சோபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் போன் அவள் கையில்.

"டீச்சரம்மா உங்களுக்கு வீட்டுப் பாடம் அனுப்பியிருக்காங்க. ஒரு படிவம் நிரப்பணுமாம். உங்களுக்குத்தான் வராதே, நான் போடறேன். நீங்க சும்மா பக்கத்துல இருந்து பாருங்க."

பக்கத்தில் இருந்து பார்ப்பது. இருபத்திரண்டு வருஷமாக என்னால் முடியாத ஒரே காரியம் அதுதான்.

என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் போட்டாள். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு கொட்டாவி. பொறுத்துக்கொண்டேன். அடுத்தது பிறந்த தேதி. திரையில் ஒரு காலண்டர் வந்தது, இந்த மாதத்தைக் காட்டியது. அவள் பின்னோக்கிப் போகிற அம்புக்குறியைத் தொட்டாள். போன மாதம் வந்தது. இன்னொரு முறை தொட்டாள். அதற்கு முந்தின மாதம்.

எனக்கு ஐம்பத்தோரு வயது.

மாதம் மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதம் போயிற்று. மகள் பிறந்த மாதம் போயிற்று. எங்கள் கல்யாண மாதம் வந்தபோது நின்று ஒரு பெருமூச்சு விட்டாள். என் கால் தரைவிரிப்பைத் துளைத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. இன்னும் நான் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேரவில்லை. அப்போது பார்த்து அவள் விரல் தவறி எங்கேயோ பட்டது. காலண்டர் மறுபடி இந்த மாதத்துக்கே வந்து நின்றது.

"சரி, முதல்லேர்ந்து போவோம்" என்றாள்.

"ஐயோ, மேல இருக்கிற வருஷத்தைத் தொடும்மா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

"எங்க?"

"அங்கதான். தொட்டா எல்லா வருஷமும் வரிசையா வரும். குடு இங்க."

பிடுங்கினேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கட்டைவிரல்தான் பொறுப்பு. பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் மளமளவென்று விழுந்தன. கூடவே பாடமும் நடத்தினேன். போட்டோ பெரிதாக இருந்தால் எப்படிச் சுருக்குவது, பாதியில் நின்றுபோனால் எப்படிச் சேமிப்பது என்று ஒன்றையும் விடவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா, அடேயப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'கற்பித்த அனுபவம் எத்தனை ஆண்டு' என்று ஒரு கட்டம் வந்தது. மாணவனிடம் இதை எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு என்று பெருமையாகப் போட்டேன். கடைசியில் நிபந்தனைகள் பொடி எழுத்தில் ஒரு முழம் நீளத்துக்கு இருந்தன.

"இது என்னங்க இவ்வளவு இருக்கு, படிக்க வேணாமா?"

"இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. டிக் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

டிக் போட்டேன். ஓடிபி வந்தது. அதையும் போட்டேன். அனுப்பியாயிற்று. மொத்தம் ஒன்றரை நிமிடம். வெற்றியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் முகத்தில் ஆச்சரியம் ஒரு துளியும் இல்லை. அப்போதுதான் எனக்கு நாலு வருஷ முட்டாள்தனம் கையை விட்டுப் போனது உறைத்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

போன மாதம் துணி தைக்க வந்த ஒரு பெண் என்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவளாம். அளவெடுக்க நின்ற நேரத்தில், மாஸ்டர் இரண்டே நிமிடத்தில் போனிலேயே டெஸ்ட் தேதி வாங்கிக் கொடுத்ததை வாய் ஓயாமல் புகழ்ந்தாளாம். டீச்சரம்மாவும் இவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவள்தானாம். எல்லாவற்றையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னாள். நான் பதிலுக்கு ஏதோ ஆரம்பித்தபோது என் போனில் செய்தி வந்தது.

'நன்றி. ஞாயிறு வகுப்புகளுக்குத் தன்னார்வப் பயிற்சியாளராக ஓராண்டு பணியாற்ற நீங்கள் அளித்த விண்ணப்பம் ஏற்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு வரவும்.'

இரண்டு தடவை படித்தேன். மேலே போய்ப் படிவத்தின் தலைப்பையும் படித்தேன். கொட்டை எழுத்தில்தான் இருந்தது.

"இது செல்லாது" என்றேன். "இப்பவே ரத்து பண்றேன். அதுக்கும் வழி இருக்கு, எனக்குத் தெரியும்."

"தாராளமா பண்ணுங்க" என்றாள் அவள். "ரத்து பண்ற அளவுக்குத் தெரிஞ்சவர்னு இன்னிக்கே எங்க அண்ணனுக்கும் சின்ன அத்தைக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்கயே வந்துடட்டும்."

கட்டைவிரல் ரத்துப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. லைப்ரரியில் நாலு மணி நேரம். வீட்டில் நாள் முழுக்க. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் கால் மிதிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா தொங்கியது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு தடவை தொட்டா போதும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு, மனைவி வழக்கம்போல் போனோடு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, சின்ன அத்தைக்கு டாக்டரிடம் என்றைக்கு நேரம் வாங்கினாள் என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள்.

"மெதுவா பேசுங்கப்பா, அம்மா தூங்கறாங்க."