ஃப்ளெக்ஸ் கடைச் சபாநாயகர்

இந்தியாவில் நாடாளுமன்றங்கள் இரண்டு. ஒன்று டெல்லியில் இருக்கிறது. மற்றொன்று சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில், ஒரு டயர் கடைக்கும் ஒரு பரோட்டாக் கடைக்கும் நடுவே இருக்கிறது. டெல்லியில் இருப்பதையாவது சனி, ஞாயிறு மூடுகிறார்கள். இதற்கு அந்தக் கருணையும் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண ஃப்ளெக்ஸ் கடைதான். சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சித் தலைவர் பிறந்தநாள் என்று எங்கள் வட்டாரத்து மனிதர்கள் எதற்கெல்லாம் ரோட்டோரம் சிரித்துக்கொண்டு நிற்பார்களோ அத்தனைக்கும் அங்கே பேனர் அடித்துத் தருவார்கள். ஆனால் அச்சடிக்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு டி.வி. தொங்கும். அதில் சினிமா ஓடாது, கிரிக்கெட் ஓடாது. நாடாளுமன்ற நேரலை மட்டும் ஓடும். கடைக்காரருக்கு இந்தி தெரியாது. இங்கிலீஷ் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அவரே இயற்றிக்கொள்வார்.

மேஜையில் பித்தளை மணி ஒன்று வைத்திருப்பார். டீ குடிக்கப் போனால் மணியடித்து, "அவை ஒத்திவைக்கப்படுது" என்பார். வாடிக்கையாளர் யாராவது அவசரம் என்று குரலை உயர்த்தினால், "உறுப்பினர் உக்காரணும்" என்பார். உட்கார நாற்காலி இருக்காது. இப்படித்தான் ஊர் அவருக்குச் சபாநாயகர் என்று பெயர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் வீட்டுக் கரண்ட் பில்லில் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஒருமுறை கபடிக் குழுப் பையன்கள் வந்தார்கள். கேப்டனுக்குப் பின்னால் சிங்கம் வேண்டும் என்றார்கள். சபாநாயகருக்குச் சிங்கம் பிடிக்காது. குரல் வாக்கெடுப்புக்கு விட்டார்.

"சிங்கத்துக்கு ஆதரவா இருக்கவங்க ஆம்னு சொல்லுங்கலே."

பையன்கள் எல்லோரும் ஆம் என்று கத்தினார்கள்.

"எதிர்க்கிறவங்க?"

ஒருவரும் பேசவில்லை. இவரே தொண்டையைச் செருமிக்கொண்டு "இல்லை" என்றார். பிறகு மணியடித்து, "இல்லை என்போரே அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் எங்கள் ஊர்க் கபடிக் குழு மயிலோடு நின்றது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதா வந்த பிறகுதான் மனிதர் கையை மீறிப் போனார்.

அன்றைக்கு நான் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனேன். டி.வி.யில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிவிட்டது. சபாநாயகர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல் நின்றார்.

"என்னவே ஆச்சு?" என்றேன்.

"நாட்டுல உள்ள அத்தன பேரோட பேரும் போன் நம்பரும் மூஞ்சியும் சம்பந்தப்பட்ட விஷயம் வே. என்ன பேசுனாவன்னே காதுல விழல. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போவுது. உமக்கென்ன?"

"அங்க பேசாமப் போனத இங்கன பேசிருவோம்" என்றார்.

ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்தக் கடையில் எந்தப் பேனர் அடிப்பதானாலும், அதில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் சொந்தக்காரர் சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் போனில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பேனரில் எத்தனை முகம் இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்தப்பா, பெரியப்பா, மைனி, கொழுந்தன், நேற்றுப் பிறந்த குழந்தை எல்லோரும் வரிசையாக வட்டத்துக்குள் இருப்பார்கள். ஒருவர் விட்டுப்போனால் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது.

கட்சிக்காரர்கள் வந்தார்கள். தலைவரிடம் சம்மதம் வாங்கி வரச் சொன்னார். அவர்கள் நேராகப் புளியங்குடிக்கு வண்டியைத் திருப்பினார்கள். பின்னாலேயே பாதி ஊரும் திருப்பியது. அங்கே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர் நன்றி மறக்காதவர். அந்தத் தீபாவளிக்குச் சபாநாயகருக்குப் புளியங்குடிக்குப் பேர்போன எலுமிச்சம்பழத்தில் ஒரு கூடை அனுப்பிவைத்தார்.

கண்ணீர் அஞ்சலிக்கு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். வீட்டில் உடல் கிடக்கிறது. மகன்கள் படத்தோடு வந்து நிற்கிறார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்கிறார்.

"அவரு இருந்தா இந்தப் போட்டோவுக்குச் சம்மதிச்சிருப்பாரா?"

"அவரு இருந்தா நாங்க எதுக்கு அண்ணாச்சி இங்க வரப்போறோம்" என்றான் மூத்தவன்.

கேள்வி நியாயமானது. ஆனால் சபாநாயகர் அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார். அந்தச் சட்டம் செத்தவர்களுக்குப் பொருந்தாது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீரு எதிர்க்கட்சி, அப்படித்தான் சொல்லுவீரு" என்றார். கடைசியில் மருமகன் வெளிநடப்புச் செய்தார். பேனர் காரியத்துக்கு மறுநாள் வந்தது.

பிரியாணிக் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பார்சல் கவுண்டரில் இருந்த பையன் வழக்கம்போல் போன் நம்பர் கேட்டான். எனக்கு முன்னால் சபாநாயகர் நின்றார்.

"எதுக்கு?"

"சிஸ்டத்துல போடணும்ணே."

"போட்டு?"

"போட்டு வச்சிருப்போம்."

"எம்புட்டு நாளு வச்சிருப்பீங்க? பிறவு அழிச்சிருவீங்களா? அழிச்சத எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

பையன் முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி கம்ப்யூட்டர் போட்டுத் தந்தவரைக் கூப்பிட்டார். என் முறை வந்தபோது மட்டன் தீர்ந்து குஸ்காதான் மிச்சம். இத்தனை பாதுகாப்புப் பார்க்கிற மனிதர் வெளியே வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டு, நடுரோட்டில் நின்று, தன் ஆதார் எண்ணை ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். எதிர்ப்பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி, "கடைசி நம்பர் சரியா கேக்கல அண்ணாச்சி" என்று சத்தம் போட்டார். இவர் திரும்ப ஒருமுறை படித்தார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

என் தங்கச்சி மகள் கோமதி பெரிய மனுஷியானதற்குச் சடங்கு வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அதிகம் பேசாது. அவள் அப்பா, அதாவது என் மாப்பிள்ளை, இதற்காகவே துபாயிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி பேனர் வேண்டும், நடுவில் கோமதி கிரீடம் வைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இடம் சொல்லி, சாரமும் கட்டியாகிவிட்டது. தாய்மாமன் என்ற முறையில் பேனர் என் பொறுப்பு. முகூர்த்த மாசம், மற்றக் கடைகளில் எல்லாம் வேலை குவிந்து கிடந்தது. ஒரே ஒரு கடையில்தான் ஈ, காக்கா இல்லை.

சபாநாயகர் படத்தைப் பார்த்தார். "பிள்ளைகிட்ட கேட்டீராவே?"

"அவ அப்பாதான அடிக்கச் சொல்லுதாரு. சின்னப் பிள்ளையளுக்குப் பெத்தவங்க சம்மதம் இருந்தாப் போதும்னுதான வே உம்ம சட்டத்துலயே இருக்கு?"

"பெத்தவங்ககிட்ட கேக்கணும்னு சொல்லுதது சட்டம். பிள்ளைகிட்டயும் கேப்பேன்னு சொல்லுதது என் கடை. போனப் போடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். அங்கே சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. கோமதி போனை வாங்கியதுமே பின்னாலிருந்து அத்தைமார்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "சரின்னு சொல்லுட்டீ", "அப்பா ஆசப்பட்டுச் செய்தாருல்லா", "இதுக்கெல்லாமா ஒரு போன்". அந்த இரைச்சலுக்குள் "சரி" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

"சரின்னுட்டா. மெஷினப் போடும்" என்றேன்.

சபாநாயகர் மணியை எடுத்து போனுக்கு நேராக அடித்தார். அந்தப் பக்கம் எல்லோரும் வாயை மூடினார்கள். ஏதோ பூஜை என்று நினைத்திருக்க வேண்டும்.

"கூச்சலுக்கு நடுவுல வாங்குனது செல்லாது" என்றார். "மக்கா, போன எடுத்துக்கிட்டு மச்சிக்குப் போ. கதவச் சாத்திக்க. பிறவு சொல்லு. நான் நிக்கேன்."

படியேறுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். கையைக் காட்டி அடக்கினார். வாழ்நாளில் முதன்முறையாக அந்த மனிதர் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டி.வி.யைக்கூட அணைத்துவிட்டார்.

"அங்கிள்," என்றாள் கோமதி. "எனக்கு டியூசன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான். தெனமும் அந்த வழியாத்தான் போணும். எங்க கிளாஸ் பயலுவளும் அங்கனதான் நிப்பானுவ. என் மூஞ்சி வேண்டாம். பேரும் வேண்டாம். அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன் தாயி. கடையில மெஷின் ரிப்பேர்னு சொல்லிக்கிடுதேன்" என்றார்.

மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டார். "துபாய்ல கெடந்து உழைச்சது எதுக்கு மச்சான்? என் பிள்ளைக்கு ஒரு பேனர் வைக்க முடியலன்னா ஊருல என்ன மதிப்பு?" என்று என்னிடம் கத்தினார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கண் கலங்கியிருந்தது. சபாநாயகர், முகங்களைத் தனித்தனியாக அடிக்கிற பகுதி மட்டும் பழுது என்றும் ஒரே ஒரு முகம் அடிக்கலாம் என்றும் அது ஆண் முகமாக இருந்தால்தான் வரும் என்றும் முகம் மாறாமல் சொன்னார். துபாயில் பெரிய பெரிய கிரேன் ஓட்டுகிற மாப்பிள்ளை அதை நம்பினார்.

"சாரம் சும்மா நிக்கக் கூடாது. தாய்மாமன் மூஞ்சியப் போட்டுருவோம். உமக்குச் சம்மதமாவே?" என்று சபாநாயகர் என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தையும் போட்டுத் தொலையும்வே" என்றேன்.

"நிபந்தனையில்லாத சம்மதம்" என்று மணியடித்தார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் நான் நின்றேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, கீழே 'எங்கள் இல்ல விழா' என்று மிகச் சின்ன எழுத்து. ஓடுகிற பஸ்ஸிலிருந்து அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாது. பனவடலிசத்திரத்திலிருந்து என் பெரியப்பா மகன் மாலையோடு வந்து இறங்கினான். தேங்காய்க் கடைக்காரர் என்னைத் தெருவில் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். தங்கச்சிக்குப் போன் மேல் போன். "அண்ணனுக்கு எப்ப ஆச்சு, எப்ப எடுக்காவ?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே அவள் தொண்டை கட்டிப் போனது.

சடங்கு அன்று மண்டபத்தில் கோமதியைச் சுற்றிக் கூட்டம். தலையை நிமிர்த்து என்றாள் ஒருத்தி, குனி என்றாள் இன்னொருத்தி, சிரி என்றார் போட்டோக்காரர். சபாநாயகர் வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். கோமதி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, காதோடு சொன்னாள்.

"மாமா, அந்த அங்கிள் சாப்பிடாமப் போறாவ. கூட்டிட்டு வாங்க."

வாசலில் போய்ப் பிடித்தேன். கடையில் வேலை கிடக்கிறது என்றார். கடையில் ஒரு வேலையும் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தேன். பரிமாறுகிற பையனிடமிருந்து பாயச வாளியை வாங்கி, அவர் இலையில் நானே ஊற்றினேன். குடித்து முடித்ததும் மறுபடியும் ஊற்றினேன். வேண்டுமா, வேண்டாமா என்று அவரிடம் கேட்கவில்லை.