துறவிக்கு வந்த துடக்கு

மொட்டையும் மழித்த மீசையுமாகச் சிவசுப்பிரமணியம் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது, வாசற்படலையடியில் ஒப்பாரி கேட்டது. பக்கத்து வீட்டுப் பூரணம்.

"சொல்லாமல் கொள்ளாமல் எரிச்சுப்போட்டியளே தம்பி. அம்மாவுக்கு என்னிலை எவ்வளவு பட்சம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாய்க்குக் கொள்ளி வைத்த மகன்தான் இப்படி மழித்துக்கொள்வான் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது.

"ஐயோ அக்கா, அம்மா சாவகச்சேரியிலை தங்கச்சி வீட்டிலை சுகமாயிருக்கிறா. இது நாடகத்துக்கு."

"துக்கத்திலை என்ன கதைக்கிறாரெண்டு அவருக்கே தெரியேல்லை" என்று பூரணம் இன்னும் உரக்க அழுதாள்.

இருபது வருடமாக மேடையில் அவர் காவற்காரன், கணக்கப்பிள்ளை, மூன்றாம் காட்சியில் குத்துப்பட்டுச் சாகும் சேவகன். கொழும்பில் எடுத்த இரண்டு படங்களிலும் கதவு திறந்துவிட்டவர். இந்த ஆண்டுதான் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தாமே ஒரு நாடகம் எழுதி, கதாநாயகனான துறவி வேடத்தைத் தமக்கே வைத்துக்கொண்டார். நாடகம் நான்கரை மணி நேரம். துறவி மேடையை விட்டு இறங்குவதே இல்லை.

அவசரமாக வேஷப்பெட்டியைத் திறந்து ஒரு மீசையை ஒட்டிக்கொண்டு படலைக்கு ஓடினார். வாயைத் திறந்ததும் அது ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"மனுசனுக்கு மூளை பிசகிப்போச்சு" என்றாள் அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் ஒருத்தி.

மொட்டையை மறைக்க மனைவி இராசமலர் ஒரு வெள்ளைத் துவாயைக் கட்டிவிட்டாள். அதைப் பார்த்ததும் மிச்ச ஊரும் வந்துவிட்டது.

மறுநாள் மாலை, கடைசியாகக் கோயில் செயலாளர் கதிரவேலு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். நீர் கோயில் வீதிக்கே வரப்படாது. நாடகத்துக்குப் பதிலா மேளக்கச்சேரி ஒழுங்கு செய்திட்டம்."

சிவசுப்பிரமணியம் சைக்கிளின் கைபிடியைப் பற்றிக்கொண்டார். இருபது வருடக் காத்திருப்பு.

"அம்மாவை உயிரோடை கொண்டுவந்து காட்டினால்?"

"செத்த ஆளை என்னண்டு காட்டுறது?" செயலாளர் சைக்கிளை மிதித்தார்.

அடுத்த நாளே சிவசுப்பிரமணியம் கார் பிடித்துச் சாவகச்சேரிக்குப் பறந்தார். முழங்கால் ஏலாது, வெய்யில் தணியட்டும், திருவிழா முடியட்டும் என்று தாய் சிவக்கொழுந்து சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஊர் உறங்குமுன் செயலாளர் வீட்டு முற்றத்தில் தாயை இறக்கி நிறுத்தினார்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. ஆர் இது?"

செயலாளர் பேயறைந்தவர்போல எழுந்து சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? 'மகன் நாடகத்தை முழுக்க வாசிச்சுக் காட்டிப்போட்டான், ஊரையாவது காப்பாத்துங்கோ, திருவிழா முடியுமட்டும் நான் செத்ததாவே இருக்கட்டும்' எண்டு நீங்கள்தானே ஆள்விட்டுச் சொன்னனீங்கள்?"