திரைக்குள் ஒரு வாளித் தொழிற்சாலை

நேற்றுவரை உங்களோடு ஒழுங்காகப் பேசிப் பழகிய ஒருவர், இன்று நீங்கள் "டீ குடிக்கப் போலாமா?" என்று கேட்டதும், "கடைல வரிசை எப்படின்னு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாரா? பயப்படாதீர்கள். புத்தி ஒன்றும் பேதலித்துவிடவில்லை. சிமுலேஷன் மென்பொருளில் முதல் பாடம் முடித்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'ஓட்டிப்பார்ப்பவர்'. இரண்டாம் பாடம் வந்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள். இவர்கள்தான் இரண்டாம் பாடத்துக்குப் போவதே இல்லையே!

மென்பொருள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை இடம் மாற்றவோ, கூட ஓர் ஆளைப் போடவோ நினைத்தால், நிஜத்தில் செய்து கையைச் சுட்டுக்கொள்ளாமல், கணினியில் அதே தொழிற்சாலையைப் படமாகப் போட்டு ஓடவிட்டுப் பார்க்கலாம். எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் எடுக்கும், எப்போது பழுதாகும், எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று கொடுத்துவிட்டால், சரக்கு எங்கே தேங்குகிறது என்று சிவப்பில் காட்டிவிடும். நல்ல சாமான்தான். ஆனால் அது யார் கையில் கிடைக்கிறது என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஓட்டிப்பார்ப்பவர் முதலில் நிறம் தேர்ந்தெடுப்பார். இயந்திரத்துக்கு நீலமா பச்சையா, கூரை வேண்டுமா வேண்டாமா, வாசலில் ஒரு மரம் வைத்தால் எடுப்பாக இருக்குமா என்று மனிதர் சாப்பாட்டை மறந்து யோசிப்பார். பிறகு ஆட்களை இறக்குவார். திரைக்குள் இருக்கும் அந்த ஆட்கள் தண்ணீர் குடிக்கப் போவதில்லை, தலைவலி என்று உட்காருவதில்லை, போனில் மச்சானோடு சண்டை போடுவதில்லை, சொன்ன இடத்தில் நின்று சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வருபவருக்கு நம்மைப் பிடிக்குமா?

எங்கள் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் இந்த இனத்துக்கே இலக்கணம். நான் அங்கே லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். வாளி வார்க்கும் அச்சு இயந்திரம் இன்னொன்று வாங்கினால் சரக்கு அதிகம் வெளியே போகுமா என்று தெரிந்துகொள்ள, முதலாளி இவரை வகுப்புக்கு அனுப்பினார். வகுப்பெடுத்த பெண் பொறுமைசாலி. அங்கே நடந்ததை இவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

"சார், மெஷின் எப்பல்லாம் ரிப்பேராகும்னு நீங்க போடவே இல்லையே?"

"என் மெஷின் ரிப்பேராகாதும்மா."

"எல்லா மெஷினும் ஆகும் சார்."

"ஆனா நான் திட்டுவேன். ஓட ஆரம்பிச்சிடும்."

திட்டுவதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையாம்.

வீட்டில் ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி மனைவி நச்சரித்தார். "அவசரப்படாதே, சமையலறையைப் படம் போட்டுட்டு இருக்கேன்" என்றார் இவர். அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நகர்த்திக்கொண்டார். இவருடைய படத்தில் மட்டும் அது இன்னும் பழைய மூலையிலேயே இருக்கிறது.

கடைசியில் தொழிற்சாலைப் படமும் தயாராகி ஓடியது. உடனே ஓர் இடம் சிவந்தது. வாளிக்குப் பிடி மாட்டும் இடத்துக்கும் பேக்கிங்குக்கும் நடுவே 'ஒப்புதல்' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு அடுக்கு வாளியையும் மேற்பார்வையாளர் அங்கே தன் மேசையில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பேக்கிங்குக்குப் போகும். அவரோ தொழிற்சாலையின் எந்த மூலையில் யாரைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அடுக்குகள் காத்திருக்கும், லாரி காத்திருக்கும், நானும் காத்திருப்பேன்.

படத்தில் இன்னோர் அச்சு இயந்திரம் போட்டார். சிவப்பு கூடியது. பேக்கிங்குக்கு ஆள் கூட்டினார். வந்தவர்கள் சும்மா நின்றார்கள். மென்பொருளைத் திட்டினார்; அது மசியவில்லை. எரிச்சலில் அந்தச் சிவப்புக் கட்டத்தையே ஒரு தட்டில் அழித்துவிட்டார். எல்லாம் பச்சை! அது யாருடைய மேசை என்று அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை. மடிக்கணினியோடு நேராக முதலாளி அறைக்கு ஓடினார். எங்களையும் கூப்பிட்டார்கள்.

"புது மெஷின் வேணாங்கறீங்களா?" என்றார் முதலாளி.

"வேணாம் சார். இருக்கறதே போதும். நடுவுல தேவையில்லாத கட்டம் ஒண்ணு இருந்துது, தூக்கிட்டேன்."

"என்ன கட்டம்?"

"ஒப்புதல் சார்."

"யாரோட ஒப்புதல்?"

மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார். வாளிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. "என்னோடது சார்" என்றார், பாதிக் குரலில்.

"அப்ப படம் சரிங்கறீங்க?"

அவர் கையெழுத்தில்லாமல் அந்த மேசையைத் தாண்டி இத்தனை வருஷத்தில் ஒரு வாளியும் போனதில்லை. அந்த மனிதருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தப் பேனாவில்தான் இருந்தது. 'படம் தப்பு சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் பிழைத்துவிடும். அவரால் இவ்வளவு அவதிப்பட்ட நானே, சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிதான் சார். நான் போட்ட படம்."

மறுநாளே மேசையைத் தூக்கிவிட்டார்கள். கோணல் வாளிகளைப் பேக்கிங்கில் ஒதுக்கிவிடுகிறார்கள். லாரி நேரத்துக்குப் போகிறது. மேற்பார்வையாளருக்குச் சம்பளம் குறையவில்லை, தனி அறையில் உட்கார்ந்து படம் போடுகிறார். சில மத்தியானங்களில் இறங்கி வந்து மேசை இருந்த இடத்தில் நிற்பார். ஆட்கள் வாளி அடுக்கோடு அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வீட்டில் காலையில் ஏன் யாரும் நேரத்துக்குக் கிளம்புவதில்லை, அலுவலகத்தில் அந்த ஒரு வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று உங்களுக்கும் மனசுக்குள் ஒரு படம் ஓடுமே! அதில் பிள்ளைகள் இருப்பார்கள், வீட்டுக்காரர் இருப்பார், எதிர் மேசைச் சோம்பேறி இருப்பார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தேடிப் பிடித்து, ஒரே ஒருமுறை உங்களை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எல்லாம் பச்சையாகிவிட்டால், தயவுசெய்து யாரிடமும் காட்டிவிடாதீர்கள்.