ஒரு மரத்துக்காக நான் வாயை மூடிய கதை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் நிற்கும் பாதாம் மரத்தை எவனும் வெட்ட விடமாட்டேன். உயிரைக் கொடுத்தாவது காப்பேன். வாய் கொப்பளித்த கையோடு சமையலறைக்குப் போய் மனைவியிடம் அறிவித்தேன்.

"உயிரெல்லாம் வேண்டாங்க. யார்கிட்டயும் வாயைக் கொடுக்காம இருந்தாலே போதும்," என்றாள்.

விஷயம் இதுதான். கார் நிறுத்த இடம் போதவில்லை. மரம் வேறு நட்டநடுவில் நிற்கிறது. வெட்டலாமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள்.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இந்தக் குடியிருப்பில் ஸ்டியரிங் பிடிக்கும் கையெல்லாம் நான் திட்டித் திட்டிப் பழக்கிய கை. மாஸ்டர் சொன்னால் கேட்காமல் போய்விடுவார்களா?

தொழிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தப்பு செய்தால் நான் மிதித்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் என் கால் வீட்டிலும் பிரேக்கைத் தேடும். யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் தரையை ஓங்கி ஒரு மிதி. "அங்க பிரேக் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு மனைவி அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

முதலில் மாடியில் இருக்கும் பல் டாக்டர். அவர்தான் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர்.

"டாக்டர், படிச்சவர்தானே நீங்க? மரம்னா என்னன்னு தெரியுமா? காத்து! நிழல்! மழை!"

"மாஸ்டர், என் கார் மேல பறவைங்க..."

தரையை மிதித்தேன். டாக்டர் பழைய மாணவர் அல்லவா, பாதி வார்த்தையில் தானாக நின்றுவிட்டார். அந்த இடைவெளியில் பூமி சூடாவதைப் பற்றி முழுதாகச் சொல்லி முடித்தேன். கடைசியில், ஊரையே வாயைத் திற வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கும் மனிதர், என்னைப் பார்த்து, "கொஞ்சம் வாயை மூடுங்க மாஸ்டர்," என்றார்.

அடுத்தது கீழ்வீட்டுத் தையல்காரப் பெண். வாசல் அறையில் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நீயும் வெட்டணும்னு சொல்றியாமே? உனக்கெல்லாம் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?"

நான் குரலை உயர்த்த உயர்த்த மெஷின் வேகம் கூடியது. தலைமுறைகளின் எதிர்காலம் என்ற இடத்துக்கு நான் வந்தபோது, ஒரு தலையணை உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டிருந்தாள்.

"மரத்தை வெட்டறதுக்குத்தான் என் கை உயரும் மாஸ்டர்," என்றாள். உறையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"நான் எங்க சொல்ல விட்டேன்!" என்றேன் பெருமையாக.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தளர்ந்துபோன ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நானும் சும்மா இருப்பேனா? படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பக்கத்துல கொஞ்சம் பிடிக்கணும்மா. அவசரமில்லை," என்றாள் மனைவி. பிறகு, "அந்த மரம் உனக்கு என்ன தொல்லை பண்ணுது?" என்றாள்.

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. தையல்காரியும் பேசவில்லை. எனக்கானால் தொண்டை அரிக்கிறது. யாராவது ஏதாவது பேசித் தொலையுங்களேன்!

"மரம் பாவம், ஒண்ணும் பண்ணலக்கா," என்று குரல் வந்தது. "வண்டியை வெளியே எடுக்கணும்னா மரத்தைச் சுத்தி ரிவர்ஸ் வரணும். என்னால முடியல. ரிவர்ஸ் சொல்லிக் குடுக்கறப்போ மாஸ்டர் ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு. அன்னிலேருந்து ரிவர்ஸ் கியரைத் தொட்டாலே கை நடுங்குது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னாகூட யாரையாவது வண்டியை எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கு. மரம் இல்லேன்னா நேரா முன்னாலயே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மரத்தை வெட்டச் சொன்னது அவள் இல்லை. நான்.

மனைவி மேலே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே வீட்டுக்குள் போனேன். தேநீர் போட்டு நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஏங்க அந்த மரத்து மேல இவ்வளவு பிரியம்?"

"காத்து, நிழல், மழை..."

அவள் பேசாமல் இருந்தாள். எனக்குப் பட்டியல் தீர்ந்துபோயிற்று. அப்போதும் பேசாமல் இருந்தாள். யாரும் குறுக்கே பேசாவிட்டால் மனுஷன் எவ்வளவு நேரம்தான் பொய்யாகப் பேசிக்கொண்டிருப்பான்?

"நீ ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ இந்த ஜன்னல் பக்கத்துலயே கிடந்தே," என்றேன். "சாப்பிட மாட்டே. பேச மாட்டே. என்ன பண்றதுன்னே தெரியாம நான் நின்னுட்டிருந்தேன். ஒரு நாள் காலையில அந்த மரத்துல அணில் ஒண்ணு பாதாங்காயைக் கவ்வ முடியாம கீழ போட்டுது. நீ சிரிச்சே. ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் நீ சிரிச்சது அன்னிக்குத்தான். எனக்கு அப்பதான் உயிர் வந்துது."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைக் கீழ சொன்னீங்களா?"

"இதெல்லாம் போய் ஊர்ல சொல்லுவாங்களா?"

"இதைத்தாங்க சொல்லணும்."

சொன்னேன். மறுபடி கீழே போய், தையல்காரப் பெண்ணிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அணிலைச் சொன்னேன். மெஷின் ஓடவில்லை. "அக்கா சிரிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரிவர்ஸ் நான் திரும்பச் சொல்லித் தர்றேம்மா. சத்தம் போடாம."

"உங்களால முடியுமா மாஸ்டர்?"

நியாயமான சந்தேகம். அதற்கு மனைவி வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் வாயில் ஒரு பெரிய புதினா மிட்டாய். கடிக்கக் கூடாது. கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கரைந்தால் பின்சீட்டிலிருந்து மனைவியின் கை நீண்டு அடுத்த மிட்டாயைத் தரும்.

தையல்காரியின் சொந்தக் கார். என் பக்கம் பிரேக்கும் கிடையாது. காலும் போயிற்று, வாயும் போயிற்று. முதல் நாள் மரத்தை நெருங்கும்போது என் உயிரே மிட்டாயோடு சேர்ந்து கரைந்தது. ஆனால் சத்தம் இல்லாததால் அவளுக்குக் கண்ணாடி பார்க்க நேரம் கிடைத்தது. வண்டி நின்றது. மறுபடி நகர்ந்தது. அந்த வாரம் முழுக்கக் காலையில் இதே வேலை. அவள் கை நடுக்கம் குறையக் குறைய என் நாக்கு பச்சையாகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். நான் மிட்டாயும் கையுமாக, இல்லை, மிட்டாயும் வாயுமாக நின்றேன். தையல்காரப் பெண் தனியாகக் காரில் ஏறினாள். மரத்தைச் சுற்றி அழகாக ரிவர்ஸ் வந்து, வாசலில் காத்திருந்த தன் அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கூட்டமே கை தட்டியது. என் கண் கலங்கிவிட்டது. புதினாவால் என்று சொல்லிக்கொண்டேன்.

பல் டாக்டர் மட்டும் தொண்டையைக் கனைத்தார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன கஷ்டம் டாக்டர்? சொல்லுங்க, கேக்கறேன்."

"பறவை எச்சம்தாங்க. காரைத் துடைச்சு மாளல. உறை வாங்கிப் போடலாம்னா, ராத்திரி வந்து போடவும் காலையில எடுக்கவும் எனக்கு எங்க நேரம்? இலை வேற குவியுது. யார் பெருக்கறது?"

"அவ்வளவுதானே?" என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாலும், அத்தனை மரியாதையாக, "என்னங்க, இதையெல்லாம் நீங்களே பாத்துக்கறதுல ஏதாவது மறுப்பு இருக்கா?" என்றாள்.

மிட்டாய் அப்போதுதான் புதுசு. கன்னம் உப்ப அவளைப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். நாலு பேர் பேச இடம் கொடுக்க வேண்டும் என்பதில் என்றைக்கும் அவள் குறை வைத்ததில்லை.

"மறுப்பு இல்லையாம் டாக்டர்," என்றாள்.

மரத்தை வெட்ட ஒரு கைகூட உயரவில்லை.

இப்போது தினமும் காலையில் டாக்டர் காரின் உறையை எடுத்துவிட்டு, இலையைப் பெருக்குகிறேன். தலை நிமிர்ந்தால் எங்கள் சமையலறை ஜன்னலில் அவள் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்ததும் துடைப்பத்தின் கனம் தெரியாது. நேற்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன், "என் மனைவி இன்னும் அந்த அணிலைப் பார்த்துத்தான் சிரிக்கிறா."

"அணிலா?" என்றார் டாக்டர். "நீங்க துடைப்பம் பிடிக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து அது முன்பக்கத்துக்குக் குடி போயிடுச்சே மாஸ்டர்!"