எலுமிச்சை இலையில் வந்த கடிதம்

படிக்காதவன் பயந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். படித்தவன் அந்தப் பயத்துக்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, நாலு பேரிடம் சொல்லவும் செய்வான். நான் எம்.காம்.

கல்யாணமான புதிதில் சாந்தோமில் ஒரு மாடி போர்ஷனுக்குக் குடிபோனோம். கீழே வீட்டுக்கார லூசி ஆன்ட்டி தனியாக இருந்தார். கணவர் அருளப்பன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற சமயம். அவர் வைத்த எலுமிச்சை மொட்டைமாடித் தொட்டியில் இருந்தது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

ஒரு விடியற்காலை, காற்றே இல்லை. தளிர் இலை ஒன்றில் வெள்ளிக் கோடு மின்னியது. துடைத்தேன், போகவில்லை. கோடு இலைத் தோலுக்கு உள்ளே இருந்தது! நடுவில் பேனா மை போல மெல்லிய கறுப்பு இழை. மறுநாள் அது வளைந்து நீண்டிருந்தது. இலையில் ஓட்டை இல்லை, மேலே பூச்சி எதுவும் இல்லை. நான் பார்க்காத நேரத்தில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். (பார்த்த நேரத்தில் நான் மூச்சே விடவில்லை.)

நாலாம் நாள் கோடு சுழித்து, கொக்கி போட்டு, ‘லூ’ என்று நின்றது.

மனைவி ஜெனிட்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எனக்கு இடியாப்பம் மாதிரிதாங்க தெரியுது. ஆன்ட்டிகிட்ட எதையாவது உளறி வைக்காதீங்க.”

அன்று சாயங்காலமே உளறினேன்.

ஆன்ட்டி சிரிப்பார் என்று நினைத்தேன். மூட்டுவலியோடு படியேறி வந்து, இலையை உள்ளங்கையில் தாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “அவரு என்னை ‘லூ’ன்னுதான் கூப்பிடுவாரு. வீட்ல வேற ஆள் இருந்தா கூப்பிட மாட்டாரு. உனக்கு யாரு தம்பி சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. என் முதுகில் ஏதோ ஊர்ந்தது.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் மேலே வந்துவிடுவார். எழுதி முடிந்த இலைகளின் ஓரம் கடிதம் மடிப்பதுபோலத் தானாக மடிந்துகொண்டது. “பிரிக்காதே தம்பி, பாவம்” என்பார். நானும் குரலைத் தாழ்த்தியே பேசப் பழகினேன்.

முதல் நினைவு நாள் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து உறவினர்கள் எல்லாரும் மாடிக்கு வந்து செடியைச் சுற்றி நின்றார்கள். ஃபாதர் ஜெபம் சொல்ல, நான் பக்கத்தில் நின்று (ஐயோ!) ஒவ்வொரு எழுத்தாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டியின் தம்பி மகள் ரீனா, விவசாயம் படிப்பவள், முன்னால் வந்தாள். “அத்தை, ஒரு நிமிஷம்.” நகத்தால் வெள்ளிக் கோட்டைக் கீறினாள். உள்ளேயிருந்து அரிசிக் குருணை அளவில் ஒரு மஞ்சள் புழு நெளிந்தது.

“இலைக்குள்ளயே சுரங்கம் தோண்டித் தின்னும் அத்தை. ஓரத்தை மடிச்சு அதுக்குள்ள கூடு கட்டும். கொசு மாதிரி குட்டி அந்துப்பூச்சியா வெளிய வரும்.”

“அந்தக் கறுப்பு மை?” என்றேன்.

“அது புழு வெளிக்குப் போனது.”

புனித நீர் தெளித்த கையை ஃபாதர் மெல்ல இறக்கினார். அப்படியே பீச்சுக்கு நடந்து கடலில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. ஒரு விதவையின் துக்கத்தில் நான் விளையாடிவிட்டேன்.

ஆன்ட்டி புழுவையே பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று ஜெனிட்டா ஓடிப்போய்ப் பிடித்தாள். ஆன்ட்டி கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். “உசுரோட இருந்தப்பவும் அவரு எழுத்து இப்படித்தான். மளிகை லிஸ்ட்டைக் கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்!”

இப்போது நாங்கள் அடையாறில் இருக்கிறோம். அந்தக் குடும்பத்தில் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. நான் ‘போஸ்ட்மேன்’. வேப்பெண்ணெய் தெளிக்க ரீனா எத்தனையோ முறை கேட்டுவிட்டாள், ஆன்ட்டி விடுவதாயில்லை.

போன மாதம் போயிருந்தபோது, யாரும் இல்லாத சமயம் பார்த்து ஆன்ட்டி ஓர் இலையை நீட்டினார். “புழுதான், தெரியும். இருந்தாலும் சும்மா படியேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். படிக்கட்டிலிருந்து ரீனாவின் குரல் வந்தது: “போஸ்ட்மேன் அண்ணா, சாதா தபாலா, ரிஜிஸ்டரா?”