போத்தலில் இருப்பது என் சம்சாரம்

கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் சுற்றாடல் சட்டத்தைக் காத்து நிற்கும் பெரிய ஐயா அவர்களுக்கு, பொகவந்தலாவை செவ்வந்தித் தோட்டத்து நல்லமுத்து கும்பிட்டு எழுதுவது. தங்களுக்குக் கீழ் வேலை செய்யும் யோகேஸ்வரனின் தகப்பன் நான். தாங்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளும், தாங்கள் காவல் காக்கும் மீன்களும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே மழை. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி சுகம் எதுவுமில்லை. இதை மகன் தங்களுக்கு இங்கிலீசில் படித்துச் சொல்வான். கோபமாக எழுதிய இடங்களை விட்டுவிடுவான், பயந்த பிள்ளை.

ஐயா, தாங்கள் பிடித்து வைத்திருக்கும் ஜேம் போத்தலில் இருப்பது என் சம்சாரம் வேலாயியின் சாம்பல். போதைத்தூளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. எங்கள் தோட்டத்தில் செத்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். ஆனால் போன மழைக்கு இடுகாட்டு மேடு சரிந்து, அங்கே புதைத்திருந்த பழைய கங்காணி பாதி ரோட்டுக்கு வந்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு இவள், "என்னைய எரிச்சிருங்க. சாம்பல நம்ம யோகேசு கையால கடல்ல கரைக்கச் சொல்லுங்க. செத்தும் இந்தத் தோட்டத்துல கெடக்க என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். சாவுக்கு வர மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஹெலிகாப்டரில் இடமில்லையாம். கடலிலேயே நிற்கிற பிள்ளை, கையை நீட்டினால் தண்ணீர், கரைக்க எதற்கு லீவு என்று நான்தான் யோசனை சொன்னேன். என் யோசனை எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

மஸ்கெலியா பஜாரில் கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானாவின் மகன் ஷிஹாப் தங்கள் மேடையில்தான் சமைக்கிறான். லீவு முடிந்து திரும்பியவனிடம் போத்தலைக் கொடுத்தனுப்பினேன். நானா அதைச் சுற்றி டேப் ஒட்டி, உடையாமல் இருக்கட்டுமென்று மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளுக்கு நடுவே அடுக்கினார். கொழும்பில் விமானம் ஏறுகிற இடத்தில் அதிகாரி திறந்து, இது என்னவென்று கேட்டிருக்கிறார். பையன் பதறிப்போய் "அம்மா" என்றிருக்கிறான். சிங்களத்திலும் அம்மா அம்மாதானே, அவர் மூடிக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம். ஹெலிகாப்டரில் ஏற்றுமுன் ஆளையும் சாமானையும் நிறுப்பீர்களாமே, இவளையும் நிறுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். அங்கே எதுவும் கழிக்கவில்லையாம், ஆயுசில் முதல்தடவையாக அவளுக்கு முழு எடை.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். விடிகிற நேரத்தில் ஒருவன் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கம்பியோரம் அழுதால் குதிக்கப் போகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சங்கு ஊதி, எங்கள் தோட்டத்துக் காலைப் பெரட்டு மாதிரி எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணி, மகனைப் பிடித்து உட்காரவைத்தீர்களாம். "குதிக்க வரல்ல சேர், இதைக் கொட்ட வந்தேன்" என்று அவன் சொன்னதும்தான் குற்றம் பெரிதாகிவிட்டது. மிஞ்சின சோற்றைக்கூட அரைத்துத்தான் கடலில் விடுவீர்களாம். தண்ணீரில் எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினால் வேலையையே நிறுத்துவீர்களாம். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. சாம்பலில் நச்சு எதுவும் இல்லையென்று குடும்பத்தார் எழுதித் தந்தால் யோசிக்கலாம் என்றீர்களாம்.

எழுதித் தருகிறேன். என் சம்சாரம் சுத்தமானவள், வெற்றிலை தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. சின்ன வயசிலேயே கொழுந்துக் கூடை கட்டினவள். மலையில் நாங்கள் புல்லுக்கு மருந்து அடிப்போம், மறுநாளே அதற்குள் இறங்கிக் கொழுந்து எடுப்பாள். மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தவன் நான், அந்தத் துணியைத் துவைத்தவள் அவள். அந்த மலைக்குக் கீழதான் எங்க லயத்து வீடுகளோட பீலி, அதுல வர்றதுதான் குடிதண்ணி. கடைசி வருசம் ரெண்டு காலும் வீங்கி, மூத்திரம் பிரியாம கெடந்தா. டிஸ்பென்சரியில எல்லாருக்கும் குடுக்குற வெள்ளை மாத்திரையத்தான் அவளுக்கும் குடுத்தாங்க. ஆனா நச்சு ஒண்ணும் இல்லீங்க, சத்தியமா எழுதுறேன். அவள நல்லபடியா கடல்ல விடுங்க, மகனை வேலைய விட்டு அனுப்பிறாதீங்க.

தங்கள் கடலில் ஒருநாளும் எண்ணெய் சிந்தாமல், தாங்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்து நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்,
நல்லமுத்து

பி.கு.: மேலே எழுதியதை ரத்துச் செய்யவும். தபாலில் போடுமுன் என் மகள் பிரியந்தி வாசித்துப் பார்த்தாள். "நச்சு இல்லேன்னு சத்தியம் பண்றீங்களே, ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாதுங்க. எதுல செத்தான்னு ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு வயசாச்சுன்னாங்க. அவளுக்கு நாப்பத்தெட்டு வயசு. பீலித் தண்ணிய யாரும் சோதிச்சுப் பாக்கல, அவளையும் பாக்கல. ஒங்ககிட்ட அதுக்கு மிஷின் இருக்குன்னு மகன் சொல்றான். அவளக் கடல்ல விட வேணாம். முதல்ல சோதிச்சுப் பாருங்க, என்ன இருக்குன்னு சீக்கிரமா எழுதி அனுப்புங்க. பிரியந்தி முழுகாம இருக்கா, அவளும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா.