விளக்கு எரிந்தால் கேட்கிறது என்று அர்த்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பின்னறையிலிருந்து யாரோ உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக மூன்றாவது கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். நான் வந்து ஒரு நாள் உன்னோடு உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். வரமாட்டேன். சத்தமில்லாத அறையில் காது தானாகவே சத்தம் உண்டாக்கிக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயதில், பெரியவர்களுக்குச் செவித்திறன் சோதனை செய்யக் கற்றுக்கொள்ளும் நான் சொல்கிறேன், நம்பு.

கற்றுக்கொள்ளும் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. முதல் நாளே மாற்றி மாட்டி, ஒரு சமையல்காரரின் நல்ல காதைச் செவிடு என்று எழுதிவிட்டேன். மறுநாள் வந்த ஓட்டுநர், ஒலி அனுப்பும்போதெல்லாம் ஏறுகிற என் புருவத்தைப் பார்த்தே பொத்தானை அழுத்தி, பிரமாதமான காது என்று பெயர் வாங்கிப் போய்விட்டார். "உங்க மூஞ்சிக்கு ஒரு திரை போடணும் மேடம்" என்று எங்கள் பயிற்சியாளரான பெண், நோயாளியின் நாற்காலியையே சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

நேற்று மாலை அந்த நாற்காலியில் ஒரு அம்மாள்; தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். கண்ணாடி அறைக்குள் அவர், வெளியே நான். ஒலி கேட்டு அவர் அழுத்தினால் என் மேசையில் விளக்கு எரியும். ஒலி அனுப்பும் பொத்தானில் என் விரல் இறங்குவதற்கு முன்பே எரிந்தது. "ஒரே தாளத்துல அனுப்புறீங்க, இடைவெளிய மாத்துங்க" என்றாள் பயிற்சியாளர். மாற்றினேன். அனுப்பலாம் என்று நினைத்தேன், எரிந்தது. வேண்டாம் என்று கையை மடியில் வைத்தேன், அணைந்தது. விசித்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவ்வளவு அழகான செவித்திறன் வரைபடம் நான் போட்டதே இல்லை. பயிற்சி முடிந்ததென்று கையெழுத்தும் கிடைத்துவிட்டது.

வெளியே வந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டே, "நடுவுல ஒருத்தங்க உங்க அக்காவைக் கேட்டாங்கம்மா. லைன்லயே இருக்கச் சொல்லிட்டேன்" என்றார். பக்கத்து அறைப் பேச்சு ஹெட்போனில் கசிந்திருக்கும். அக்கா யாருக்குத்தான் இல்லை?

ஆகவே பின்னறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு. அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், சோதனை மேசையின் பின்புறத்தைப் பார்க்க நேர்ந்தது. ஹெட்போன் வயர் இயந்திரத்தில் செருகப்படவே இல்லை. நேற்று அந்த அம்மாள் வருவதற்கு முன் இயந்திரத்தைத் துடைத்தபோது பிடுங்கி வைத்தது நான்தான். அவர் காதுக்கு ஒரு ஒலியும் போயிருக்க முடியாது. சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். அதுவரை பின்னறைக்குப் போகாதே. கூப்பிட்டால், தப்பித் தவறிக்கூட "என்ன" என்று கேட்டுவிடாதே.